லாரி திரும்பிய இடத்தில் கார் திரும்பவில்லை

ஓக்-நம் பதினோரு வருஷத்தில் ஐந்து வீடு மாறியவள். ஆறாவது வீட்டுக்குச் சாமான் கட்டப் போன அன்றுதான் எனக்கு அவளைத் தெரிய வந்தது. இஞ்சன் நகரத்தில் வீடு மாற்றிக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் நான் சமையலறை ஆள். ஆண்கள் பீரோவையும் பிரிட்ஜையும் தூக்குவார்கள். தட்டு, கிண்ணம், கிம்ச்சி ஊறுகாய் டப்பா, சோயா விழுது ஜாடி எல்லாம் என் பொறுப்பு. மேஸ்திரி குவாக்கில் ஆரம்பித்து வீட்டுக்காரர்கள் வரைக்கும் எல்லோருக்கும் நான் சித்திதான். இருபது வருஷமாக அங்கே யாருக்கும் என் பெயர் தேவைப்பட்டதில்லை.

வீடு மாறுகிறவர்கள் பேசுவது ஒரே பேச்சு. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். புது ஊர், புது வாழ்க்கை என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு அவர்களுடைய கரிபிடித்த வாணலியைக் காகிதத்தில் சுற்றுவேன். பழைய சண்டையும் கூடவேதான் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். சில வீடுகளில் அது லாரி கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். அதனால் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஓக்-நம் அதையே சொன்னபோது மட்டும் சிரிக்க முடியவில்லை.

அன்று நல்ல நாள். சந்திரக் கணக்கில் ஒன்பதிலும் சைபரிலும் முடிகிற நாட்களில் கெட்டது எதுவும் பூமியில் நடமாடாது என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் ஊரே அந்த நாட்களில்தான் வீடு மாறும். எங்களுக்கு ஒன்றுக்குப் போகக்கூட நேரம் இருக்காது. விடிந்ததும் விடியாததுமாகப் போய் இறங்கினால், வாசலிலேயே ஓக்-நம் வழிமறித்தாள். ஐம்பத்தேழு வயது. தொழிற்சாலைக் கேன்டீனில் சமைத்துச் சமைத்துச் சிவந்துபோன கைகள். எனக்கு நாலு வயது இளையவள். பார்த்ததும் அக்கா என்றாள்.

"அக்கா, அந்தக் கடைசி ரூம் அப்புறமா இருக்கட்டும். பதினோரு மணிக்கு அவனே வெளில வருவான். அதுவரைக்கும் யாரும் கதவைத் தட்ட வேணாம். வந்தப்புறமும் அவனைப் பாக்க வேணாம், பேச வேணாம்."

"பாக்காம எப்படிம்மா கட்டிலைத் தூக்குறது?" என்றான் குவாக்.

"நீ பாக்கலன்னு யாரும் அழப்போறதில்ல. போய் பால்கனில இருக்குற பூந்தொட்டியைப் பாரு," என்று அவனை விரட்டினேன்.

சமையலறையில் நான் கிண்ணங்களைச் சுற்றச் சுற்ற அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பேச ஆள் கிடைக்காதவளின் பேச்சு அது. ஓர் இடத்தில் நில்லாமல் கொட்டியது.

உள்ளே இருந்தது அவள் மகன் வூ-ஜே. இருபத்தாறு வயது. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவன் பைக்குள் மீன் குடலைப் போட்டார்கள். பிறகு அவனைக் கழிப்பறையில் வைத்துப் பூட்டினார்கள். அப்பன்காரன் அதற்கு முன்பே வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டான். பையனைக் கூட்டிக்கொண்டு ஓக்-நம் ஒரே வாரத்தில் ஊர் மாறினாள். புதுப் பள்ளிக்கூடத்திலும் விஷயம் தெரிந்துவிட்டது. மறுபடியும் மாறினாள். காலேஜில் சேர்ந்தான், நின்றுவிட்டான். மாறினாள். வேலைக்குப் போனான், மூன்று வாரத்தில் திரும்பி வந்து அறைக்குள் போனான். அதற்கும் மாறினாள். கடைசி நாலு வருஷமாக அவன் அறையை விட்டு வெளியே வருவது கழிப்பறைக்கு மட்டும்தான், அதுவும் அவள் வேலைக்குப் போன பிறகு. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைப்பாள். கழுவி வைத்த தட்டு வாசலுக்கு வரும்.

"ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துல சரியாயிடுவான்னு நெனச்சேங்க்கா. மொதத் தடவை அவசரத்துல நாள்கூடப் பாக்காமப் போனேன். அதுலேருந்தே எல்லாம் கோணலாப் போச்சு."

"இப்ப எப்படி வெளில வர ஒத்துக்கிட்டான்?"

ஓக்-நம் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினாள். மூன்று மாதத்துக்கு முன்பு மகன் உள்ளேயிருந்து அனுப்பிய செய்தி. வோன்ஜுவில் ஒரு வாடகை வீட்டின் படம். தரைத்தளம், தெருவைப் பார்த்துத் தனி வாசல், எதிரே ஓடை. படத்துக்குக் கீழே ஒரே ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தான்: 'இது.'

"சாப்பாட்டைத் தவிர வேற எதுக்காவது அவன் எனக்கு எழுதி அப்போ ஒன்பது மாசம் ஆயிருந்துச்சுக்கா. லிஃப்ட்ல யாரையும் பாக்க வேண்டியதில்ல, விடியக்காலைல ஓடைப்பக்கம் நடக்கலாம்னு அப்புறமா எழுதினான். நடக்கலாம்னு எழுதினான்க்கா!" என்று சொல்லி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் கையில் கிடைத்தது அந்த ஒரே ஒரு வீடுதான். அதையும் விட்டுவிட்டால் அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை.

அங்கேதான் சிக்கலும் இருந்தது. அந்த வருஷம் அவளுக்குக் கிழக்கு ஆகாத திசை. வோன்ஜு கிழக்கே. ஜோசியக்காரியிடம் போய் அழுதிருக்கிறாள். அவள் ஒரு வழி சொல்லியிருக்கிறாள். சாமான்கள் நேராகப் போகலாம். ஆட்கள் அந்த ஊரைத் தாண்டிப் போய் வேறு ஊரில் மூன்று ராத்திரி தங்க வேண்டும். பிறகு மேற்கே பார்த்துத் திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்தால் கிழக்கே போன குற்றம் ஒட்டாது. எங்கள் பக்கம் பலரும் செய்கிற காரியம்தான். என் நாத்தனாரே செய்திருக்கிறாள். வோன்ஜுவைத் தாண்டி ஜேச்சன் என்ற ஊரில் ஒரு லாட்ஜில் ஓக்-நம் இரண்டு அறை சொல்லி வைத்திருந்தாள்.

"அவன்கிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. சொன்னா கோவிச்சுக்கிட்டு வரமாட்டேன்னுடுவான். அந்தம்மாவும் வாசலை மிதிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னாங்க."

"சரிதான், சொல்லாதே. சொன்னா பலிக்காது," என்றேன் நான்.

என் நாக்கை அறுத்துப் போட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீடு பார்க்கப் போகலாம் என்று அவனை ஏமாற்றிக் காரில் ஏற்றி, நேராக மனநல ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள் அவள். நாலு வருஷத்தில் அவன் வீட்டை விட்டு இறங்கிய ஒரே தடவை அது. அதையும் அந்தச் சமையலறையில்தான், அதே மூச்சில்தான் என்னிடம் சொன்னாள். காதில் வாங்கினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு அப்போது வரவில்லை.

பதினோரு மணி அடித்தது. ஆண்கள் எல்லோரும் பால்கனியில் சுவரைப் பார்த்து நின்றார்கள். தொண்ணூறு கிலோ குவாக் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூந்தொட்டியைப் பார்த்தான். கதவு திறந்தது. நான் சமையலறையிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெளுத்துப்போன முகம். ரப்பர் வளையத்தால் கட்டிய முடி. கையில் கம்ப்யூட்டரை அணைத்துப் பிடித்திருந்தான். அவனுக்குப் பின்னால் ஏழு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் எண் போட்டு, என்ன இருக்கிறதென்று அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இத்தனை ஒழுங்காகக் கட்டிய பெட்டியை என் வேலையில் நான் பார்த்ததே இல்லை.

அவன் என் பக்கம் திரும்பினான். இடுப்பு வரை குனிந்தான்.

"உங்களுக்குச் சிரமம் குடுக்கிறோம் சித்தி."

பேச வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவனே மேலும் சொன்னான். நாலு வருஷம் வெளியாட்களிடம் பேசாத குரல் பாதியில் உடைந்தது.

"அந்த வீட்ல வாசல் தனி, சித்தி."

"தெரியும் கண்ணு. படம் பாத்தேன்," என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓக்-நம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

லாரி முன்னால், ஓக்-நம்மின் பழைய சின்னக் கார் பின்னால். குவாக் ஓட்ட, நான் பக்கத்தில் சாதக் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புது வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டியது அதுதான். வழியில் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தி டீசல் போட்டபோது, காரில் வூ-ஜே கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கையைக்கூட லேசாக வெளியே நீட்டியிருந்தான். குவாக்கே அதைப் பார்த்துவிட்டு, "சித்தி, பையன் பொழச்சுக்குவான் போலிருக்கே," என்றான்.

வோன்ஜுவுக்குப் பிரிகிற பாதை வந்தது. லாரி வலது பக்கம் ஒதுங்கி இறங்கியது. நான் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் எங்கள் பின்னால் இறங்கவில்லை. நேராகப் போயிற்று. திட்டப்படிதான் எல்லாம் நடக்கிறது. இருந்தும் காரின் பின்சீட்டில் அந்தத் தலை எங்கள் லாரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவனுடைய ஏழு பெட்டியும் ஒரு பக்கம் போகின்றன, அவன் மட்டும் வேறு பக்கம் போகிறான். மறுபடியும் ஏமாற்றிக் கூட்டிப் போகிறாள் என்று நினைக்காமல் வேறு எப்படித்தான் நினைப்பான்?

காருக்குள் நடந்ததை ஓக்-நம் பிறகு சொன்னாள். "அம்மா, லாரி அங்க இறங்கிடுச்சே" என்றானாம். புது வீட்டுத் தரையில் பசை போட்டு ஒட்டின காகிதம் இன்னும் காயவில்லை, மூன்று நாள் வெளியே தங்க வேண்டும் என்று இவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாளாம். வீட்டுக்காரர் அவனுக்கே முந்தாநாள் எல்லாம் தயார் என்று எழுதியிருந்தார். பொய் என்று உடனே தெரிந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டான். லாட்ஜ் வந்ததும் தன் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறினான். உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டான்.

அந்த நேரத்தில் நாங்கள் வோன்ஜுவில் அவன் அறையில் ஏழு பெட்டிகளையும் எண் வரிசைப்படி அடுக்கிவிட்டு, தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, ஓக்-நம் எங்களுக்காகச் சொல்லி வைத்திருந்த, வீடு மாறுகிற நாளில் எல்லோரும் சாப்பிடுகிற கறுப்பு நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நல்லபடியாக முடிந்தது என்றுகூட நான் சொன்னேன்.

நாலாம் நாள் அவன் லாட்ஜ் அறையை விட்டு வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. ஓக்-நம் ஒருமுறை போன் செய்தாள்.

"அக்கா, கதவைத் திறக்க மாட்டேங்கிறான். தட்டை மட்டும் கழுவி வெளில வைக்கிறான்."

"திசை விஷயத்தைச் சொல்லித் தொலையேண்டி இப்பவாவது!"

"இன்னும் வாசலை மிதிக்கலையேக்கா. சொல்லிட்டா எல்லாமே போயிடும்."

நான் கத்தினேன். போன் கட் ஆகிவிட்டது. நல்ல நாட்கள் வந்தன, போயின. நானும் வேறு வேறு வீடுகளின் கிண்ணங்களைச் சுற்றினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவளை மறக்கத்தான் பார்த்தேன்.

ஐந்தாம் மாதம் குவாக் சொன்னான், வோன்ஜுவில் அந்த வீட்டுச் சாமானை எடுத்துக் கிடங்கில் போட வேண்டுமாம், இரண்டு இடத்துக்கும் வாடகை கட்ட முடியவில்லை என்று ஓக்-நம்மே சொல்லிவிட்டாளாம், வேறு ஆள் குடிவருகிறார்களாம். போனோம். நான் அடுக்கிய தட்டு அடுக்கிய இடத்தில் இருந்தது. ஒரு கிண்ணம்கூட நகரவில்லை. ஒரு வேளை சாதம்கூட வேகாத வீட்டை நான் காலி செய்தேன். வெளியே ஓடையில் தண்ணீர் ஓடியது. ஓரத்தில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம் வந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஜேச்சனுக்குப் பஸ் ஏறினேன். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் நாலு மாடி லாட்ஜ். ஓக்-நம் இருக்கிறாளா என்று கேட்டதும் உரிமையாளரம்மா, "க்ளீன் பண்றவங்களா? மூணாவது மாடி" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஓக்-நம் கேன்டீன் வேலையை விட்டுவிட்டு அந்த லாட்ஜிலேயே அறை துடைக்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். மகனுக்கு மாத வாடகைக்கு அதே அறை. அவள் படுப்பது படுக்கைவிரிப்பு அடுக்குகிற சின்ன அறையில். முப்பது அறையையும் சுத்தம் செய்தாள், மகன் இருந்த முன்னூற்றி ஆறாம் நம்பரைத் தவிர.

தள்ளுவண்டியில் அழுக்கு விரிப்பை ஏற்றிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பாதியாகி இருந்தாள்.

"அக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. நேத்து அவன் எழுதினான்."

காட்டினாள். 'அந்த வீடு இன்னும் இருக்கா?'

"நீ என்ன எழுதினே?"

"இருக்குன்னு எழுதினேன்." சொல்லிவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க வீடு மாத்தறவங்க, உங்களுக்கு ஆள் தெரியும். அதே ஓடைப்பக்கம், தனி வாசல், தரைத்தளம், ஒண்ணு பாத்துக் குடுங்கக்கா. அவனுக்கு வித்தியாசம் தெரியாத மாதிரி. நாலு நாள்ல, அவன் மனசு மாறறதுக்குள்ள. கால்ல வேணாலும் விழறேன்."

நிஜமாகவே குனிந்தாள். நான் அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். பிடித்த பிடியில் அவளுக்கு வலித்திருக்கும்.

"போதும்டி! ஆஸ்பத்திரிக்கு வீடுன்னே. லாட்ஜுக்குக் காகிதம் காயலன்னே. இப்ப இல்லாத வீட்டை இருக்குங்கிறே. அவன் கேக்குறதுக்கு ஒரு தடவையாச்சும் உள்ளதைச் சொல்லியிருக்கியா? நானும் உன்னோட சேர்ந்து பண்ண பாவம்தான் இது. போய்ச் சொல்லு. போயிடுச்சுன்னு சொல்லு."

"செத்துப்போயிடுவான்க்கா."

"இப்ப மட்டும் என்ன பண்ணிட்டிருக்கான்?"

சொன்ன பிறகு எனக்கே தாங்கவில்லை. அவள் அழவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்து வண்டியின் மேல் வைத்தாள். முன்னூற்றி ஆறின் முன்னால் போய் நின்றாள். தட்டுவதற்கு மூன்று தடவை கையைத் தூக்கினாள். மூன்று தடவையும் கை கீழே இறங்கியது. கடைசியில் தட்டாமலே கதவோடு முகத்தை வைத்துப் பேசினாள்.

"வூ-ஜே. அம்மா பொய் எழுதிட்டேன்டா. அந்த வீடு இல்ல. நேத்தோட போயிடுச்சு. வேற யாரோ குடிவரப்போறாங்க."

உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். நான் சொல்லித்தான் சொன்னாள். ஏதாவது ஆகிவிட்டால் அதுவும் என் தலையில்தான். ஓக்-நம் வராந்தாத் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்து அறைக்காரர் ஒருவர் வந்தார், எங்களைப் பார்த்தார், சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார்.

பிறகு குரல் கேட்டது. அன்று என்னிடம் பேசிய அதே உடைந்த குரல்.

"அன்னிக்கு ஏன் நேராப் போகல?"

ஓக்-நம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பயந்துட்டேன்டா," என்றாள். "கிழக்கு ஆகாதுன்னு சொன்னாங்க. சுத்திப் போய்த் திரும்பி வந்தா ஒண்ணும் ஆகாதுன்னாங்க. நீயா கேட்ட வீடு அது ஒண்ணுதான். அதுலயும் ஏதாவது கோணலாயிடுமோன்னு பயந்துட்டேன். ஆஸ்பத்திரி இல்லடா. சத்தியமா ஆஸ்பத்திரி இல்ல."

கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ உரசியது. அடுத்த முறை குரல் கீழேயிருந்து வந்தது. அவனும் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நானுந்தாம்மா பயந்தேன்," என்றான். "அந்த வீட்டுக்குப் போயும் இப்படியே இருந்துட்டா என்ன பண்றதுன்னு வழியெல்லாம் பயமா இருந்துச்சு. நீ திருப்பாமப் போனதும், ஆஸ்பத்திரின்னு நெனச்சேன். அப்பக்கூட..." நின்றான். "அப்பக்கூடக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு."

ஓக்-நம் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள். "இப்பவும் பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"எனக்கும் இருக்குடா."

கதவு திறக்கவில்லை. அவள் எழுந்திருக்கவும் இல்லை. இரண்டு பேரும் ஏதோ மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள், என் காதுக்கு எட்டவில்லை. வராந்தாவில் இன்னும் ஐந்து அறை மீதி இருந்தது. நான் அவளுடைய ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு, வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிப் போய், ஒவ்வொன்றாக விரிப்பை மாற்ற ஆரம்பித்தேன்.